ஒரு மாடு, நாலு பங்காளி

பட்டிமன்றத் தலைப்பு: ‘இரண்டாம் உலகப் போரில் ஒன்றாக நின்று ஜெயித்தவர்களைப் பிரித்தது கொள்கைப் பகையா, தோற்ற ஜெர்மனியின் மீது வந்த போட்டியா?’ ‘போட்டியே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய உரை.

நடுவர் ஐயா அவர்களே, எதிர்வரிசையில் உட்கார்ந்து இப்போதே குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்ட நண்பர்களே, மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அம்மா வரலாற்றுப் பேராசிரியர். நான் 32 வருஷம் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செயினைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தவன். இந்த ஆளுக்கும் ஸ்டாலினுக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவர் ஐயா யோசிப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது ஐயா. நாலு பேர் ஒரு சொத்தின் மேல் நிற்கும்போது முகம் எப்படி மாறும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வரும்போது ஒரே காரில் வருவார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். நான் புலப்படத்தை விரித்து, “கிணறு யார் பக்கம் வருது?” என்று கேட்ட நிமிஷத்தில் காற்று மாறும். போகும்போது தனித்தனி பஸ்.

அம்மா என்ன சொன்னார்கள்? பகை 1945-இல் வரவில்லை, 1917-லேயே வந்துவிட்டது. லெனின் புரட்சி செய்த அன்றே முதலாளித்துவ நாடுகளும் கம்யூனிச நாடும் எண்ணெயும் தண்ணீரும் ஆகிவிட்டன. ஹிட்லர் என்ற கரண்டி கலக்கிக்கொண்டிருந்த வரைக்கும் ஒன்றாகத் தெரிந்தன, கரண்டியை எடுத்ததும் பிரிந்துவிட்டன. அழகான உவமை. நானும் கை தட்டினேன்.

ஆனால் அம்மா, கரண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே அந்த எண்ணெயும் தண்ணீரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதே, அதை ஏன் சொல்லவில்லை? 1944 அக்டோபர் 9, இரவு நேரம், மாஸ்கோ. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ஒரு அரைத்தாளை எடுக்கிறார். கம்யூனிசத்தைத் தொட்டிலிலேயே கழுத்தை நெரிக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அந்தத் தாளில் எழுதுகிறார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம். கிரீஸில் பிரிட்டனுக்கு 90 சதவீதம். யுகோஸ்லாவியா, ஹங்கேரி பாதிக்குப் பாதி. பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறார். ஸ்டாலின் ஒரு நீலப் பென்சிலை எடுத்து, பெரிதாக ஒரு டிக் போட்டுத் திருப்பித் தள்ளுகிறார். முடிந்தது. நாடுகளின் தலைவிதியை இப்படிக் கிறுக்கிவிட்டோமே, எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்டாராம். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின்.

எங்கே போயிற்று கொள்கை? ஒரு மாமன் மச்சான்கூட இவ்வளவு சுமுகமாகப் பாகம் பிரித்து நான் பார்த்ததில்லை! (கைதட்டாதீர்கள், எனக்கு நேரம் போகிறது.) அந்தத் தாளில் ஐந்து நாட்டின் பெயர் இருந்தது. ஒரு பெயர் இல்லை. ஜெர்மனி இல்லை. என் வாதம் அந்த இல்லாத பெயரில்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் பென்சிலால் பிரிக்க முடிந்தது, இதை முடியவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பழமொழி சொல்வார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்துட்டா நீ யாரோ நான் யாரோ. இந்தக் கதையில் நிஜமாகவே ஒரு ஆறு வருகிறது. எல்பா. 1945 ஏப்ரல் 25 அன்று தோர்காவ் என்ற ஊரில், இடிந்து தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்த பாலத்தின் இரும்புச் சட்டங்களில் தவழ்ந்து வந்து, மேற்கிலிருந்து வந்த அமெரிக்க சிப்பாயும் கிழக்கிலிருந்து வந்த ரஷ்ய சிப்பாயும் கை கொடுத்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்தார்கள், குடித்தார்கள், ஆடினார்கள். அந்தச் சிப்பாய்களுக்குள் எந்தப் பகையும் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆளை அடித்துவிட்டு வந்தவர்கள். ஆறு கடந்தாயிற்று. மறுகரையில் கிடந்தது சொத்து.

இப்போது நம் பாட்டிமார் சொன்ன கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரே ஒரு மாடு. அண்ணன் விவரமானவன். “தம்பி, மாட்டைப் பாதியாகப் பிரிப்போம். முன்பக்கம் உனக்கு, பின்பக்கம் எனக்கு” என்றான். தம்பியும் சரியென்றான். அன்றிலிருந்து தீனி வைப்பது தம்பி, பால் கறப்பது அண்ணன்.

1945 ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை பெர்லினுக்குப் பக்கத்தில் போட்ஸ்டாமில் உட்கார்ந்து மூன்று பெரிய நாடுகள் எழுதிய பாகப்பத்திரம் இதுதான் ஐயா. ஜெர்மனியை ஏற்கெனவே ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என்று ஆளுக்கொரு மண்டலமாக நாலாகப் பிரித்தாயிற்று. என்ன எழுதினார்கள்? ஜெர்மனியை ஒரே பொருளாதாரமாகவே நடத்துவோம் என்று ஒரு வரி. அவரவர் நஷ்டஈட்டை அவரவர் மண்டலத்திலிருந்தே எடுத்துக்கொள்வது என்று இன்னொரு வரி. கூட்டுப்பட்டாவும் இருக்கும், தனித்தனியாகவும் அறுத்துக்கொள்ளலாம்! இப்படி ஒரு பத்திரம் என் மேஜைக்கு வந்திருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நஷ்டஈடு கேட்டது தப்பா என்றால், நான் ரஷ்யாவைக் குறை சொல்லமாட்டேன். 2 கோடியே 70 லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு. லெனின்கிராடில் 872 நாள் முற்றுகை. சோவியத் கணக்குப்படி 1,710 நகரங்களும் 70,000 கிராமங்களும் நாசம். போர் முடியும் முன்பே தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில் அவர்கள் முன்வைத்த கணக்கு மொத்தம் 2,000 கோடி டாலர், அதில் பாதி தங்களுக்கு. வீடு எரிந்தவன் கேட்கத்தான் செய்வான். கேட்டதோடு நிற்கவில்லை, கழற்றினார்கள். தொழிற்சாலை எந்திரங்களைக் கழற்றினார்கள். ரயில் பாதையில் இரட்டைத் தடம் இருந்தால் ஒரு தடத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1946 அக்டோபரில் ஒரே நாள் விடியற்காலையில் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளையும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களையும் பெண்டு பிள்ளை, கட்டில் பீரோவோடு ரயிலேற்றி ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள்.

உடனே எதிரணித் தம்பி, “பார்த்தீர்களா, கம்யூனிஸ்டுகளின் குணம்!” என்று எழுந்திருக்க வேண்டாம். அமெரிக்கா அதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட்டது. துரிங்கியா பகுதி ஒப்பந்தப்படி ரஷ்யாவுக்குப் போக வேண்டியது. அமெரிக்கப் படை அங்கே முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது. 1945 ஜூலை முதல் வாரம் ஒப்படைப்பதற்குள், அங்கே இருந்த ராக்கெட் பாகங்களை வண்டி வண்டியாக ஏற்றிவிட்டார்கள். செய்த மூளைக்காரர்களும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அடுத்தவனுக்குக் கொடுக்கப்போகும் தோப்பில் போகிற அன்றைக்குக் காய் பறிக்கிற வேலை. இதில் கம்யூனிசம் எங்கே, ஜனநாயகம் எங்கே?

சரி, தீனி வைத்த தம்பி யார்? முதலில் பிரிட்டன். அந்தக் காலத்தில் ஒரு கேலி உண்டு: ரஷ்யாவுக்கு விளைநிலம் கிடைத்தது, பிரிட்டனுக்கு இடிபாடு கிடைத்தது, அமெரிக்காவுக்கு வேடிக்கை பார்க்க மலை கிடைத்தது, பிரான்சுக்குத் திராட்சைத் தோட்டம் கிடைத்தது. ரூர் நிலக்கரிப் பிரதேசம் பிரிட்டன் கையில். சுரங்கமும் உருக்காலையும் குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடக்கின்றன, சுற்றிலும் பசித்த வாய். கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் வேறு வந்து குவிகிறார்கள். ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த விளைநிலம் போலந்துக்குப் போய்விட்டது. 1946 வசந்தத்தில் பிரிட்டிஷ் மண்டலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்தது ஏறத்தாழ 1,000 கலோரி. அந்த வருஷக் கடைசி நாள், குளிரில் ஜனங்கள் விறைத்துக்கொண்டிருக்கும்போது, கொலோன் நகரத்துக் கர்தினால் ஃப்ரிங்ஸ் தேவாலயத்தில் நின்று சொன்னார்: உயிர் பிழைக்கத் தேவையானது வேறு வழியில் கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாம், பாவமில்லை. மறுநாளிலிருந்து, ரயில் பெட்டியிலிருந்து நிலக்கரி திருடுவதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு புதுச் சொல். ‘ஃப்ரிங்ஸன்’. “எங்கே போறே?” “ஃப்ரிங்ஸ் பண்ணப் போறேன்.” பாவம் அந்தக் கர்தினால்!

அவர்களுக்குச் சோறு போட பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? போர் நடந்த ஆறு வருஷத்திலும் லண்டனில் ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. ஜெயித்து ஒரு வருஷம் கழித்து, 1946 ஜூலையில், ரொட்டிக்கு ரேஷன் போட்டார்கள். உலகம் முழுக்கத் தானியத் தட்டுப்பாடு; அதில் ஜெர்மன் மண்டலத்துக்கும் கோதுமை அனுப்ப வேண்டிய கட்டாயம். ஜெயித்தவன் வீட்டில் ரொட்டிக்குச் சீட்டு. லண்டனில் வரிசையில் நின்ற ஒரு தாய்க்கு மார்க்ஸ் யாரென்று தெரியவேண்டியதில்லை. நாம் முன்னால் தீனி போடுகிறோம், அவன் பின்னால் கறக்கிறான் என்ற எரிச்சல் போதும்.

கதையில் தம்பி கடைசியில் என்ன செய்தான்? அண்ணன் செம்போடு உட்கார்ந்து கறக்கும் நேரமாகப் பார்த்து மாட்டின் முகத்தில் ஒரு அடி வைத்தான். மாடு உதைத்தது, செம்பு உருண்டது. “என் பக்கத்தை நான் அடிக்கிறேன், உனக்கென்ன?” 1946 மே மாதம் அமெரிக்க மண்டலத்துத் துணை ராணுவ ஆளுநர் லூசியஸ் கிளே அந்த அடியைக் கொடுத்தார். போட்ஸ்டாம் ஒப்பந்தப்படி மேற்கு மண்டலங்களில் கழற்றும் உபரி எந்திரங்களில் ரஷ்யாவுக்கு 10 சதவீதம் சும்மா, இன்னொரு 15 சதவீதம் தானியம், நிலக்கரிக்கு மாற்றாக. என் மண்டலத்திலிருந்து இனி எதுவும் போகாது என்று நிறுத்தினார் கிளே. ஜெர்மனி முதலில் தன் சோற்றுக்குச் சம்பாதிக்கட்டும், நஷ்டஈடு பிறகு. இது மார்க்ஸுக்கும் ஆதம் ஸ்மித்துக்கும் நடந்த வாக்குவாதமா? பால் செம்புச் சண்டை ஐயா!

கிளே நிறுத்தியது ரஷ்யாவுக்கு மட்டுமில்லை, பிரான்சுக்கும் சேர்த்துத்தான். ஏன் பிரான்ஸ்? அம்மா இருபது நிமிஷம் பேசினார்கள், பிரான்ஸ் என்ற பெயர் ஒரே ஒரு தடவைதான் வந்தது. பிரான்ஸ் கம்யூனிஸ்ட் நாடா? அதன் தலைவர் டிகால் கம்யூனிஸ்டா? போட்ஸ்டாமுக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடாத பெரியப்பா பந்தியில் என்ன செய்வார்? ஜெர்மனி முழுவதுக்கும் போக்குவரத்து, நிதி, வெளிநாட்டு வர்த்தகம் என்று பொதுவான துறைகளை அமைக்கலாம் என்று போட்ஸ்டாமில் முடிவானது. நால்வர் கூடும் நேசநாட்டுக் கட்டுப்பாட்டுக் குழுவில் எந்த முடிவுக்கும் நாலு கையெழுத்து வேண்டும். 1945 இலையுதிர் காலத்தில் அந்தத் துறைகள் வராமல் தடுத்த கை ரஷ்யக் கை இல்லை. பிரெஞ்சுக் கை. மூன்று தடவை ஜெர்மானியர்கள் எங்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். ரூரைத் தனியாக வெட்டு, சார் பிரதேசத்தை எனக்குக் கொடு, அதற்குப் பிறகு மற்றதைப் பேசலாம் என்றார்கள். சாரைத் தன் பொருளாதாரத்தோடு சேர்த்தும் கொண்டார்கள். 1957 வரைக்கும் அது ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. கொள்கை ஒன்றாக இருந்தவர்களுக்குள்ளேயே கையெழுத்து விழவில்லையே அம்மா!

அடுத்து, எதிரணித் தம்பி. நல்ல குரல். போலந்துதான் விரிசல், அணுகுண்டுதான் பிளவு, ஜெர்மனி வெறும் சாக்கு என்றார். போலந்தில் கசப்பு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டன் போரில் இறங்கியதே போலந்துக்காகத்தான். ஆனால் அந்தக் கசப்பை விழுங்கிவிட்டார்கள் தம்பி. 1945 ஜூலை 5 அன்று, ஸ்டாலின் கைக்குள் இருந்த வார்சா அரசாங்கத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் அங்கீகரித்தன. லண்டனில் காத்திருந்த போலந்து அரசாங்கத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டு. கொள்கைதான் பெரிதென்றால் அன்றைக்கல்லவா முறித்திருக்க வேண்டும்? அணுகுண்டு? ஜூலை 24 அன்று போட்ஸ்டாமில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஸ்டாலினிடம் போகிற போக்கில் சொல்கிறார், எங்களிடம் ஒரு புது ஆயுதம் இருக்கிறதென்று. ஸ்டாலினுக்கு ஏற்கெனவே உளவாளிகள் மூலம் தெரியும். முகத்தில் ஈ ஆடவில்லை. அடுத்த வாரம் அதே மேஜையில் கையெழுத்தும் போட்டார்கள். குண்டைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டவர்கள், கையெழுத்துப் போட்ட அந்தச் சொத்தில்தான் முறித்துக்கொண்டார்கள்.

இப்போது பணம். நடுவர் ஐயா வங்கியில் இருந்தவர், ரசிப்பார். நேசப்படைகள் ஜெர்மனிக்குள் நுழையும்போது செலவுக்கு ஒரு பொது நோட்டு வேண்டுமே. அமெரிக்கா அச்சடித்தது. ரஷ்யா, எங்களுக்கும் அச்சு வார்ப்பைக் கொடுங்கள், நாங்களே அடித்துக்கொள்கிறோம் என்றது. 1944-இல் கொடுத்தார்கள். நண்பன் கேட்டால் கொடுக்காமல் இருப்பதா? இரண்டு நோட்டும் அச்சு அசலாக ஒன்றே. வித்தியாசம் ஒன்றுதான்: ரஷ்யா அடித்த நோட்டில் வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருக்கும். அவர்கள் எவ்வளவு அடித்தார்கள் என்ற கணக்கைக் கடைசிவரை சொல்லவில்லை. வருஷக்கணக்கில் நிலுவையில் இருந்த சம்பளத்தை ரஷ்ய சிப்பாய்களுக்கு அந்த நோட்டிலேயே கொடுத்தார்கள். அவர்கள் அதை ஊருக்கு எடுத்துப்போக முடியாது. என்ன செய்வார்கள்? அமெரிக்க சிப்பாயின் கைக்கடிகாரத்தை வாங்கினார்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் போதும், கத்தை கத்தையாகக் கொடுத்தார்கள். அமெரிக்க சிப்பாய் அந்த நோட்டைத் தன் ராணுவ அலுவலகத்தில் கொடுத்து டாலராக்கி வீட்டுக்கு மணியார்டர் பண்ணினான். பெர்லினில் இருந்த அமெரிக்க சிப்பாய்கள் வாங்கிய சம்பளத்தைவிட அதிகப் பணத்தை ஊருக்கு அனுப்பியதை அமெரிக்க அதிகாரிகள் பிறகுதான் கண்டுபிடித்து விழித்தார்கள். அந்தச் சின்னக் கோடு எவ்வளவு பெரிய கோடு பாருங்கள்.

ஒரே சொத்து, இரண்டு கைக்காசு. மூன்று வருஷம் தள்ளினார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் 1947 ஜனவரி 1 அன்று தங்கள் இரண்டு மண்டலத்தையும் ஒன்றாக்கின. 1948 மார்ச் 20 அன்று ரஷ்யத் தளபதி சொக்கலோவ்ஸ்கி கட்டுப்பாட்டுக் குழுக் கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்தான், திரும்பவில்லை. ஜூன் 20 ஞாயிற்றுக்கிழமை மேற்கு மண்டலங்களில் புது நோட்டு. ஆளுக்கு முதலில் 40 மார்க். திங்கட்கிழமை காலை, அதுவரை காலியாக இருந்த கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சட்டி, செருப்பு, சைக்கிள் டயர் எல்லாம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிட்டன. செல்லாமல் போன பழைய நோட்டெல்லாம் கிழக்கே வெள்ளமாக வருமே என்று ரஷ்யா அவசர அவசரமாக, பழைய நோட்டின் மேலேயே சின்னச் சீட்டை ஒட்டித் தன் பணமாக்கியது. ஜனங்கள் அதற்குச் சுவரொட்டுக் காகிதப் பணம் என்று பேர் வைத்தார்கள்.

நான்கு நாள். 1948 ஜூன் 24. பெர்லினுக்குப் போகும் மேற்கத்திய ரயிலையும் சாலையையும் கால்வாயையும் ரஷ்யா அடைத்தது. ரயிலுக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? தொழில்நுட்பக் கோளாறு! இங்கே மட்டும்தான் அந்தச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் தொழில். பெர்லின் எங்கே இருக்கிறது? ரஷ்ய மண்டலத்துக்கு நட்ட நடுவில். மேற்கு மண்டல எல்லையிலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல். நகரத்தின் 20 வட்டாரங்களில் ரஷ்யாவுக்கு 8, அமெரிக்காவுக்கு 6, பிரிட்டனுக்கு 4, பிரான்சுக்கு 2. அதாவது, அடுத்தவன் காட்டுக்கு நடுவில் மூன்று பேருக்கு வீடு. என் முன்னால் இப்படி ஒரு கேஸ் வந்தால் முதல் கேள்வி: “வண்டிப்பாதை எழுதியிருக்கா?” 1945 ஜூன் 29 அன்று கிளேயும் பிரிட்டிஷ் தளபதி வீக்ஸும் ரஷ்யத் தளபதி ஜூகோவைப் பார்த்துப் பேசினார்கள். ஒரு சாலை, ஒரு ரயில் பாதை என்று பேசி முடித்தார்கள். வாய்ப்பேச்சு. எழுதி வாங்கவில்லை. பின்னாளில் கிளேயே அதை எண்ணி வருந்தினார்.

நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் ஐயா. “அண்ணன்தானே, அவன் காட்டு வழியாத்தானே போறோம், எழுதிக் கேட்டா தப்பா நினைப்பான்.” அண்ணன் இருக்கிற வரைக்கும் வழி இருக்கும். மனஸ்தாபம் வந்த மறுநாள் முள்வேலி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் இப்படித்தான். தேங்காய் லோடு ஆறு மாசம் உள்ளேயே கிடந்து முளைத்தே போய்விட்டது.

எதிரணி நண்பர்கள் இதை எழுதிக்கொள்ள வேண்டும்: வான்வழி மட்டும் எழுதப்பட்டிருந்தது. 1945 நவம்பர் 30 அன்று கட்டுப்பாட்டுக் குழுவிலேயே நாலு பேரும் ஒத்துக்கொண்ட மூன்று வான்பாதைகள், ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலம். முற்றுகை நடந்த பத்தரை மாதமும் அந்த மூன்று பாதையை ரஷ்யா மூடவில்லை. குறுக்கே பறந்து பயம் காட்டினார்கள், விளக்கு அடித்தார்கள். மூடவில்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை, பெர்லின் வான்போக்குவரத்துப் பாதுகாப்பு மையம் என்று ஒரு அறை. அங்கே நாலு நாட்டு அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த விமானம் எப்போது வருகிறது என்று சீட்டைக் கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். கீழே சாலையை அடைத்துவிட்டு, மேலே அந்த அறையில் ரஷ்ய அதிகாரி தன் நாற்காலியில் தினமும் வந்து உட்கார்ந்தார். மூச்சுமுட்டக் கொள்கைப் பகை என்றால் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்க வேண்டாமா? எழுதிய வழி நின்றது, எழுதாத வழி அடைபட்டது. எந்தத் தாலுகா ஆபீஸிலும் இதைப் புரியவைக்க எனக்கு மார்க்ஸ் தேவையில்லை.

அந்த வான்வழியில் முற்றுகையில் கிடந்த மேற்கு பெர்லினுக்குப் போனது என்ன? நிலக்கரி ஐயா. 23 லட்சம் டன் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. ஆகாயத்தில் நிலக்கரி மூட்டை! 2.7 லட்சம் நடைக்கு மேல் விமானம் போனது. 1949 ஈஸ்டர் சமயத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 1,400 நடை, நிமிஷத்துக்கு ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே நகரத்தின் மேல் குண்டு போட்ட விமானிகள் சிலரே இப்போது மாவு மூட்டை போட்டார்கள். மே 12 அன்று வழி திறந்தது. பதினொரு நாளில் மேற்கு ஜெர்மனிக்கு அடிப்படைச் சட்டம் என்ற பெயரில் அரசியலமைப்பு, அக்டோபர் 7 அன்று கிழக்கு ஜெர்மனி. கல் நட்டாயிற்று.

சரி, ஒரு கேள்வி. ஜெர்மனியைப் போலவே ஆஸ்திரியாவையும் நாலாகப் பிரித்தார்கள். வியன்னாவையும் நாலாகப் பிரித்தார்கள். அங்கே நகரத்தின் நடு வட்டாரத்தில் ஒரே ஜீப்பில் நாலு நாட்டு ராணுவப் போலீஸும் சேர்ந்து ரோந்து போனார்கள். பெர்லின் முற்றுகையில் இருந்த மாதங்களிலும் அந்த ஜீப் ஓடியது. அங்கேயும் ஒரு பக்கம் கம்யூனிசம், மறுபக்கம் முதலாளித்துவம்தானே? எண்ணெயும் தண்ணீரும்தானே? ஏன் ஆஸ்திரியா இரண்டாகவில்லை?

1955 மே மாதத்தில் ஒரே ஒரு வாரத்தைப் பாருங்கள். மே 9, திங்கள். மாஸ்கோ நாட்காட்டியில் வெற்றி தினத்தின் பத்தாவது ஆண்டு. அன்றைக்கு மேற்கு ஜெர்மனி, மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ந்தது. மே 14, சனி. ரஷ்யா தன் பக்கத்து நாடுகளைக் கூட்டி வார்சா ஒப்பந்தம் போட்டது. மே 15, ஞாயிறு. அதே ரஷ்யா, அதே அமெரிக்கா, அதே பிரிட்டன், அதே பிரான்ஸ், வியன்னாவில் பெல்வடேர் அரண்மனையில் உட்கார்ந்து ஆஸ்திரியாவை விட்டு எல்லாரும் வெளியேறுவதாகக் கையெழுத்துப் போட்டன. பால்கனியில் நின்று கூட்டத்துக்கு அந்தப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். ரஷ்யாவுக்கு அங்கே இருந்த ஜெர்மன் சொத்துக்கு ஈடாக 15 கோடி டாலர் பெறுமான சரக்கு என்று பேசி முடிந்தது. ஆஸ்திரியா யார் பக்கமும் சேராது என்று உறுதி. தீர்ந்தது வழக்கு. சனிக்கிழமை எதிரிகள், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து! கொள்கை சனிக்கிழமை ராத்திரியில் செத்துப்போய்விட்டதா? ஆஸ்திரியாவில் ரூர் இல்லை. ஆஸ்திரியாவை வைத்துக்கொண்டு எவனும் மூன்றாவது போர் தொடங்க முடியாது. ஜெர்மனியை எவன் வைத்திருக்கிறானோ அவனிடம் நிலக்கரியும் உருக்கும், ஐரோப்பாவிலேயே பெரிய பட்டறையும், அதில் வேலை தெரிந்த கைகளும். அதனால்தான் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாவதற்கான அந்தப் பட்டாவில் கையெழுத்து விழ 1990 செப்டம்பர் 12 வரை ஆனது.

கொள்கையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கிழக்கில் ஸ்டாலின் ஒரு கட்சியை வைத்து மற்றக் கட்சிகளை விழுங்கினார், உண்மை. ஆனால் பாகச் சண்டையில் வக்கீல் கடைசியில்தான் வருவார். மனுவில் தர்மம், நியாயம், பாட்டன் சொல் எல்லாம் எழுதுவார். சண்டை தொடங்கியது வக்கீல் வருவதற்கு முன்னால், கிணற்றடியில்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா, ஒரு இடத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மேற்கு பெர்லினில் ஸ்பாண்டாவ் என்று ஒரு சிறை. நாஜித் தலைவர்கள் ஏழு பேரை அங்கே அடைத்தார்கள். நூற்றுக்கணக்கான பேரை அடைக்கக் கட்டிய சிறை. காவல் நாலு நாட்டுக்கும் முறைவைத்து: ஒரு மாதம் பிரிட்டன், ஒரு மாதம் பிரான்ஸ், ஒரு மாதம் ரஷ்யா, ஒரு மாதம் அமெரிக்கா. நம் ஊர்க் கிணற்றில் முறைத் தண்ணீர் விடுவது போல. 1966 அக்டோபரிலிருந்து உள்ளே இருந்த கைதி ஒரே ஒருவர், ஒரு காலத்தில் ஹிட்லருக்குத் துணைத் தலைவராக இருந்த ஹெஸ். அந்த ஒரு கிழவரைக் காக்க நாலு நாட்டுப் படையும் மாறி மாறி வந்தது. வெளியே முற்றுகை வந்தது, போனது. 1961-இல் பெர்லின் சுவர் எழுந்தது. கியூபாவில் ஏவுகணை வந்தது. சிறை வாசலில் மாதம் பிறந்தால் ரஷ்யக் காவலர்கள் வந்து அமெரிக்கரிடமோ பிரெஞ்சுக்காரரிடமோ சல்யூட் வைத்துப் பொறுப்பை மாற்றிக்கொண்டார்கள். நாலு நாட்டு அதிகாரிகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். 1987 ஆகஸ்டில் ஹெஸ் செத்து, சிறையை இடித்துத் தள்ளுகிற வரைக்கும், 40 வருஷம் அந்தப் பங்காளிகளுக்குள் காவல் முறை ஒரு தடவைகூட முறியவில்லை.

அந்த மாட்டில் பால் இல்லை ஐயா.

மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துவிட்டேன். நன்றி, வணக்கம்.